துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரமா? விமான நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"துபாய் ரெண்டரை மணி நேரம்தான். சிங்கப்பூர் போகத்தான் ஏழு மணி நேரம் ஆகும்." ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இப்படிச் சொல்பவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். காலை 10 மணிக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பினால் துபாயில் 12.30 வாக்கில் இறங்கலாம், சிங்கப்பூரில் மாலை 4.45 ஆகிவிடும். கழித்துப் பார்த்தால் அவர்கள் சொன்ன கணக்குதான் வரும்.

ஆனால் கிளம்பும் நேரம் நம்மூர் கடிகாரப்படி, இறங்கும் நேரம் அந்த ஊர் கடிகாரப்படி. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அதைச் சரிசெய்தால் இரண்டுமே நாலு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். தூரமும் அப்படித்தான்: நேர்வழியில் இரண்டு ஊருக்கும் ஏறத்தாழ 2,930 கி.மீ. லண்டன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணி நேரம், மற்ற மாதங்களில் ஐந்தரை.

அடுத்த தவறு, கிலோமீட்டரை விமானத்தின் வேகத்தால் வகுப்பது. பெங்களூரு விமான நிலையம் சுமார் 270 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 18 நிமிடம்! டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்கும்வரை எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பது, மேலேறுவது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் அதில் உண்டு. குறைந்த தூரப் பயணத்தில் முழு வேகத்தைத் தொடுவதற்குள் இறங்கும் வேலை ஆரம்பித்துவிடும்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வளைகுடாவிலிருந்து வரும் விமானத்தைத் தள்ளிவிடும், இங்கிருந்து போவதை இழுத்துப் பிடிக்கும்.

பணத்துக்கே வேட்டு வைப்பது தேதிக் குழப்பம்தான். 15-ஆம் தேதி 00:40 என்றால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி சாயங்காலம் பெட்டி கட்டினால் விமானம் என்றைக்கோ போயிருக்கும்.

அப்புறம் வீட்டிலிருந்து போகும் நேரம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ எங்கும் மாறாமல் நேரே விமான நிலையத்துக்கே போகிறது, நமக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. ஆனால் இரவு 11 மணி வாக்கில் அது நின்றுவிட்டால், மறுபடி விடியற்காலை 5 மணிக்குத்தான். வளைகுடா விமானங்களோ பல இந்த இடைவெளியில்தான் கிளம்பும். அப்படிப்பட்ட நாளில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்ததும் மெட்ரோ ஏறிவிடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே கேப்பில் உட்கார்ந்து மணி பார்ப்பதைவிட, விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் சும்மா உட்காருவது எவ்வளவோ மேல்.