வழி வலியாகாமல்: முதல் டெமோ பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறருக்குக் கேட்கக் கொடுக்கும் மாதிரிப் பதிவான என் முதல் டெமோவைப் பதிவு செய்து முடித்த மறுநாள் காலை, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்க உட்கார்ந்தேன். முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் ‘நீரே என் வழி’ என்று நான் எழுதிய வரி ‘நீரே என் வலி’ என்று ஒலித்தது. நான்கைந்து முறை திருப்பிக் கேட்டேன். சந்தேகமே இல்லை, வலிதான். ஆண்டவரை வழி என்று அறிக்கையிட வந்தவன், அவரை வேதனை என்று பாடி வைத்திருந்தேன். அதே பாட்டைச் சபையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பாடியிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை. எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்தில் என் ழகரம் நழுவினாலும் பக்கத்தில் நிற்பவரின் ழகரம் அதை மூடிவிடும். மைக்குக்கு முன்னால் நான் மட்டும்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு, முதல் டெமோ பதிவு செய்ய விரும்பும் கிறிஸ்தவப் பாடகர்கள் சிலருக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் எல்லோரும் செய்த தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: ஆராதனையில் நன்மை செய்யும் பழக்கங்களை அப்படியே பதிவு அறைக்குள் கொண்டுவந்துவிடுகிறோம்.

பாட்டின் நீளத்திலேயே இது தெரிந்துவிடும். சபையில் கீபோர்டு ஒரு நிமிடம் முன்னிசை வாசிக்கும். மக்கள் எழுந்து நிற்கவும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டவும் அந்த நேரம் வேண்டும். பல்லவியை ஏழெட்டு முறை திரும்பப் பாடுவோம். ஜெபத்துக்குள் போக அந்தத் திரும்புதல் உதவும். டெமோவைக் கேட்பவர் ஓர் இசையமைப்பாளராகவோ பாடகர் குழுத் தலைவராகவோ உங்கள் பாட்டைப் பாடக்கூடிய இன்னொரு பாடகராகவோ இருப்பார். மெட்டு எப்படிப் போகிறது, வரிகள் என்ன சொல்கின்றன, இந்தக் குரல் எப்படிப்பட்டது என்பவைதான் அவருக்குத் தெரிய வேண்டியவை. பதினைந்து விநாடிக்குள் குரல் வந்துவிடட்டும். பாட்டு நான்கு நிமிடத்தைத் தாண்டினால் எதை வெட்டலாம் என்று பாருங்கள். இடையிசையின் மேல் பேசும் ஜெபத்தை ஆராதனைக்கு விட்டுவிடுங்கள். பாட்டுகள் மூன்று போதும். நான் ஒரே நாளில் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்யப் பார்த்தேன். நான்காவதில் தொண்டை கட்டிவிட்டது. கடைசி மூன்றையும் யாரிடமும் கொடுக்க முடியவில்லை.

சுருதியும் அப்படித்தான். சபையில் நீங்கள் பாடும் சுருதி எல்லோரும் பாடத் தக்கதாக அமைந்தது. அல்லது கிட்டார் வாசிப்பவரின் விரலுக்கு எளிதாக இருப்பது. உங்கள் குரல் மிக அழகாக மலரும் இடம் அதற்கு ஓர் அரைச்சுரமோ இரண்டு அரைச்சுரமோ மேலேயோ கீழேயோ இருக்கலாம். பாட்டின் மிக உயரமான வரியையும் மிகத் தாழ்வான வரியையும் மட்டும் மூன்று நான்கு சுருதிகளில் பாடிக் கைபேசியில் பதிவு செய்து, அடுத்த நாள் கேளுங்கள். அன்றே கேட்டால் பாடிய உழைப்பு காதை ஏமாற்றும். கிட்டாரில் தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கேபோவும் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸும் இருக்கும்போது வசதிக்காகக் குரலை வருத்த வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனைகளில் பாடிவிட்டு அன்று இரவே பதிவுக்கு உட்காராதீர்கள். பாடும் நேரத்தில் மடக்மடக்கென்று குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை, அது உணவுக்குழாய்க்குப் போய்விடும். உடலில் ஈரம் சேர வேண்டுமென்றால் பல மணி நேரம் முன்பிருந்தே குடித்து வர வேண்டும்.

மைக் கேட்கும் தமிழ்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஒலிப்பதிவு பற்றிய பொதுவான அறிவுரைகளில் இது வருவதில்லை. மெட்டுக்காகக் குறிலை இழுத்தால் தமிழில் பொருளே மாறிவிடும். ‘வரம்’ என்பதன் முதல் எழுத்தில் நீண்ட சுரம் விழுந்தால் அது ‘வாரம்’ ஆகிறது. ‘உம் கரம்’ நீண்டால் ‘உம் காரம்’. சபைக்கு வரி தெரியும், அதனால் மனம் திருத்திக்கொள்ளும். முதல் முறை கேட்பவருக்கு அந்தத் துணை இல்லை. பாட்டை எழுதும்போதே நீளும் சுரங்களின் கீழ் நெடிலையோ சொல்லின் கடைசி அசையையோ வையுங்கள். ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள் என்றால், இழுப்பை அடுத்த எழுத்துக்குத் தள்ளிப் பாடிப் பாருங்கள். பெரும்பாலும் மெட்டு கெடாது.

உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, பாடும் அழுத்தத்தோடு ‘பரலோகம்’ என்று சொல்லிப் பாருங்கள். பகரத்தில் கையில் ஒரு காற்று மோதும். அந்தக் காற்று மைக்கில் பட்டால் ‘டம்’ என்று இடிக்கும். ‘ஸ்தோத்திரம்’, ‘சிலுவை’ போன்ற சொற்களில் சகர ஒலி ஊசியாய்க் குத்தும். நம் பாட்டுகளில் இந்தச் சொற்கள் இல்லாத பக்கமே கிடையாது! வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் காற்றைத் தடுக்கும் வலையான ஒரு பாப் ஃபில்டர் வைத்து, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் இரண்டும் பெருமளவு அடங்கும்.

சபையில் கைமைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பாடிப் பழகியிருப்போம். பெரும்பாலான பாட்டு மைக்குகளில் கிட்டே போகப்போகத் தாழ்ந்த ஒலிகள் பெருகும். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கனக்கும். ஒரு சாண் இடைவெளி நல்ல தொடக்கம். உச்ச வரிகளில் தலையைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

அறை

பெரிய ஆலயத்தின் எதிரொலி குரலைத் தாங்கிப் பிடிக்கும், பிசிறுகளை மறைக்கும். வீட்டு அறை அப்படி இல்லை. எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் குறுகிய எதிரொலி, குரலைப் பெட்டிக்குள் அடைத்தது போலாக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது பயனற்ற வேலை. அவை ஒலியை உறிஞ்சுவது மிகக் குறைவு. கனத்த போர்வையும் மெத்தையும் துணி நிறைந்த அலமாரியும் அதைவிட நன்றாக உறிஞ்சும். அவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் தொங்கவிட்டுவிட்டு, தங்கள் முதுகுப்பக்கச் சுவரை வெறுமையாக விடுகிறார்கள். இதய வடிவில் ஒலி வாங்கும் மைக் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் அதிகம் கேட்கும். அதாவது உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். முதல் போர்வை அங்கேதான் போக வேண்டும்.

48 வோல்ட் மின்சாரம் கேட்கும் கண்டென்சர் மைக்தான் ‘ஸ்டுடியோ மைக்’ என்ற எண்ணத்தில் எல்லோரும் அதை வாங்க ஓடுகிறார்கள். அது நுட்பமானது, அதனாலேயே மின்விசிறி, குளிர்பெட்டி, தெருவில் போகும் பஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும். அறை சரியில்லை என்றால் அவ்வளவு நுட்பமில்லாத ஒரு சாதாரண டைனமிக் மைக் பல சமயம் மேலானது. ஷ்யூர் நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த எஸ்எம்58 இன்றும் மேடைகளில் நிற்கிறது. அந்த வகை மைக் உங்கள் சபையிலேயே இருக்கக்கூடும், கேட்டால் தருவார்கள். எந்த மைக் ஆனாலும் முதலில் முப்பது விநாடி வெறுமையைப் பதிவு செய்து, ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். அறையின் குறைகள் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

ஒலி அளவைச் சோதிக்கும்போது ‘ஹலோ, ஒன்று, இரண்டு’ என்று மெல்லப் பேசி அமைத்துவிட்டு, பல்லவியில் முழுத் தொண்டையோடு எழும்புகிறோம். டிஜிட்டல் பதிவில் பூச்சியம் டெசிபல் என்பது கூரை. அதில் இடித்த அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகும், அந்தக் கரகரப்பைப் பிறகு எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். பாட்டின் மிக உரத்த வரியைப் பாடிச் சோதியுங்கள். உச்சம் மைனஸ் 10 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். 24 பிட் துல்லியத்தில் பதிவு செய்தால் மெல்லிய ஒலிக்கும் நிறைய இடம் இருக்கிறது, பிறகு தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம்.

பாடும்போது ஹெட்ஃபோனில் உங்கள் குரல் தாமதித்து வந்தால் தாளம் தடுமாறும். மென்பொருள் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் 512 மாதிரிகளாகவும் (ஒலியை அளந்த சிறு துளிகள்) வேகம் விநாடிக்கு 48,000 மாதிரிகளாகவும் இருந்தால், ஒரு பக்கத் தாமதம் மட்டுமே 10 மில்லி விநாடியைத் தாண்டும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் மூன்றரை மீட்டர் போய்விடும். பதிவின்போது பஃபரை 128-க்குக் குறையுங்கள், அல்லது மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் கருவியிலிருந்தே நேரடியாகக் கேளுங்கள்.

தாளமும் திருத்தமும்

ஆராதனையில் வேகம் சபையோடு ஏறும், இறங்கும். அது உயிருள்ள ஒன்று, அதில் பிழையில்லை. ஆனால் கிட்டாரை அப்படி வாசித்துப் பதிந்துவிட்டு, அடுத்த வாரம் டிரம்ஸ் சேர்க்க ஒருவரை அழைத்தால் அவர் பாவம், எதைப் பிடிப்பார்? இசைக்கருவிகள் ஒவ்வொன்றாகச் சேரப்போகின்றன என்றால் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கட்டாயம். முதலில் கிட்டாரும் குரலும் சேர்ந்த ஒரு வழிகாட்டிப் பதிவு, அதன்மேல் மற்றவை. புலம்பல் போல, தாளத்துக்கு அடங்காமல் மூச்சோடு போகும் பாட்டு என்றால் மெட்ரோனோமைத் தூக்கி வைத்துவிட்டு, குரலையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் பதிந்து அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் ரசனைக்கு அப்படிப்பட்ட டெமோக்களே நெஞ்சில் நிற்கின்றன.

கிட்டாரை ஒவ்வொரு முறை பதிவதற்கு முன்பும் சுருதி சேருங்கள். ‘ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார்’ என்று சொல்லித் தளர்ந்த தந்தியை விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன், நானே செய்தும் இருக்கிறேன். நம் சபைகளில் ஆயத்தம் என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு தந்திக்கும் உண்டு.

ஒவ்வொரு வரியாக இருபது முறை பாடி ஒட்டுப் போடுவது இன்னொரு பொறி. வரிகளுக்கு நடுவே மூச்சு எங்கே எடுத்தார் என்று கேட்பவரின் உடல் கவனிக்கும். மூச்சே இல்லாத பாட்டு மூச்சுமுட்ட வைக்கும். முழுப் பாட்டை மூன்று நான்கு முறை பாடி, அவற்றில் சிறந்ததை எடுத்து, சறுக்கிய ஓரிரு இடங்களை மட்டும் மற்றவற்றிலிருந்து மாற்றுங்கள். 1997-இல் ஆட்டோ-டியூன் மென்பொருள் வந்ததிலிருந்து சுருதி திருத்துவது பொத்தான் வேலையாகிவிட்டது. ஆனால் அந்தப் பொத்தானை முழு வேகத்தில் வைத்தால் ஒவ்வொரு ஒலியையும் அருகிலுள்ள சுரத்துக்குத் தள்ளும். கீர்த்தனை பாடி வளர்ந்த குரலில் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் கமகங்கள் எல்லாம் படிக்கட்டாகிவிடும். செயற்கை எதிரொலியான ரீவெர்பும் அப்படியே: ஆலய ஒலி வேண்டும் என்று வாரி இறைத்தால் சொற்கள் புகைக்குள் போய்விடும். கோப்புகளை, ஒலியைச் சுருக்காத டபிள்யூஏவி (WAV) வடிவில் இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

யாருடைய பாட்டு

‘ஆண்டவருக்காகத்தானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்ற பேச்சு எனக்கு வருத்தம் தரும். பாட்டு எழுதுகிறவரும் ஊழியம் செய்கிறவர்தான். அவருக்கும் வயிறு இருக்கிறது. பிறர் பாட்டை வெளியிடும் எண்ணத்தோடு பதிவு செய்தால் அனுமதி வேண்டும். அதைத் தமிழாக்கிப் பாடினால், மொழிபெயர்ப்புக்கும் தனி அனுமதி வேண்டும். ஆராதனையில் பாடுவதற்கென்று சபை பெற்றிருக்கும் உரிமம் உங்கள் பதிவு வெளியீட்டுக்குச் செல்லாது.

‘பழைய பாட்டுதானே’ என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜான் நியூட்டன் எழுதிய ‘அமேசிங் கிரேஸ்’ 1779-இல் அச்சானது. இன்று நாம் அறிந்த மெட்டோடு அது 1835-இல்தான் சேர்ந்தது. இரண்டுக்கும் இன்று உரிமையாளர் இல்லை. ஆனால் அண்மையில் ஒருவர் அதற்குச் செய்த இசைக்கோவைக்கும் புதிதாகச் சேர்த்த பல்லவிக்கும் உரிமை உண்டு. பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கும் பெர்ன் உடன்படிக்கை ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை உரிமையைக் காக்கிறது. பல நாடுகளில் அது 70 ஆண்டுகள்.

உங்கள் சொந்தப் பாட்டிலும் இது உண்டு. மெட்டின் பாதியை நண்பர் கீபோர்டில் கண்டுபிடித்திருப்பார். ‘நமக்குள் என்ன கணக்கு’ என்று விட்டுவிடுவோம். பாட்டு பரவும்போதுதான் மனக்கசப்பு வரும். பதிவுக்கு முன்பே வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பத்து நிமிட வேலை.

கடைசியாக, டெமோவை முதலில் யாரிடம் கேட்கக் கொடுப்பது? உங்களை நேசிக்கும் சபையார் ‘ஆசீர்வாதமாக இருந்தது’ என்பார்கள். அது உண்மையாகவே இருக்கும், ஆனால் எதைத் திருத்துவது என்று அதிலிருந்து தெரியாது. பாட்டை ஒருமுறைகூடக் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து, கேட்கும் வரிகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் திரும்பப் பதிவு செய்த பாட்டை அப்படித்தான் ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் எழுதித் தந்த தாளில் முதலில் இரண்டாவது சரணத்தைத் தேடினேன். ‘நீரே என் வழி’ என்று சிறப்பு ழகரத்தோடு எழுதியிருந்தார். அதற்கு இரண்டு வரி கீழே ஓர் இடம் வெறுமையாக, ஒரு கேள்விக்குறியோடு இருந்தது. அன்று மாலையே போர்வையை மீண்டும் கட்டி, அந்த வரிக்காக முழுப் பாட்டையும் இன்னொரு முறை பாடினேன்.