ஒரு வட்டாரச் சொல்லின் பொருளை ஆராய்வது எப்படி

திருநெல்வேலிச் சீமையில் வழங்கும் 'மறுகால்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை முதலிலேயே புரட்டிவிட வேண்டாம். அது சொல்லும் பொருளையே பிறகு எங்கும் காணத் தொடங்கிவிடுவோம். மாறாக, பழைய கிரயப் பத்திரங்கள், நாளிதழ்ச் செய்திகள், உழவர் பேச்சு ஆகியவற்றில் அச்சொல் வரும் வாக்கியங்களை முழுமையாகப் படியெடுத்து, ஊரையும் ஆண்டையும் குறித்து, அதை ஒட்டி நிற்கும் வினையைத் தவறாமல் அடிக்கோடிட வேண்டும்.

பொருள் பெரும்பாலும் அந்த வினையில்தான் பிடிபடும். 'குளம் மறுகால் பாய்ந்தது' என்றால் நிரம்பி வழிந்த நிகழ்வு. 'மறுகாலுக்குக் கிழக்கு' என்று பத்திரம் எல்லை சொன்னால் அது மாறாமல் நிற்கும் ஓர் இடம். கால் என்பதற்கு உறுப்பு, காற்று, நாலில் ஒரு பங்கு என்றெல்லாம் பொருள் இருந்தாலும், குளத்துப் பேச்சில் வாய்க்கால் என்பதே பொருந்தும்.

அடுத்து, வடமாவட்டங்களில் ஏரி நிரம்பி வழிவதைக் குறிக்கும் 'கோடி போகிறது' என்பதை அதே வாக்கியத்தில் மாற்றிவைத்துப் பார்த்து, எங்கே பொருந்தவில்லை என்று குறித்துக்கொள்ளலாம். பெரியவர்களிடம் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதைவிட, "மறுகால் எது, காட்டுங்கள்" என்று கரைக்கே அழைத்துச் செல்லச் சொல்வது நல்லது. அகராதியை ஒப்பிட வேண்டியது அதன் பின்னரே.