வணிகக் கட்டடத்தில் ஏசி வயரிங்: கான்ட்யூட் குழாயைத் தேர்ந்தெடுக்கும் முறை

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் வயரின் அளவைக் கவனமாகக் கணக்கிட்டுவிட்டு, குழாயை மட்டும் கையிருப்பில் உள்ளதைக் கொண்டு முடித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெயில், மழை, மோதல், அதிர்வு ஆகிய அனைத்திலிருந்தும் வயரைக் காப்பது அந்தக் குழாய்தான் என்பதால், அதையும் கணக்கிட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். இறுதி முடிவை உரிமம் பெற்ற மின்பணியாளரும் உங்கள் பகுதியின் மின் விதிகளும் உறுதி செய்யட்டும்.

படி 1: பாதையை நடந்து பாருங்கள்

டிபி பெட்டியிலிருந்து (மின்சாரத்தைப் பல சர்க்யூட்களாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அவுட்டோர் யூனிட் வரை ஒருமுறை நடந்து, குழாய் எங்கே சுவருக்குள் செல்கிறது, எங்கே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடுகிறது, எங்கே வெயிலில் கிடக்கிறது, எங்கே சரக்குத் தள்ளுவண்டி இடிக்கக்கூடும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முழுப் பாதைக்கும் ஒரே வகைக் குழாய் பொருந்தாது.

படி 2: ஒவ்வொரு பகுதிக்கும் வகையை முடிவு செய்யுங்கள்

சுவரிலும் கான்கிரீட்டிலும் பதிக்க பிவிசி குழாய் போதும். அது துருப்பிடிக்காது, வெட்டி ஒட்டுவதும் எளிது. ஆனால் திறந்த வெளியில் நீளமாக ஓடும்போது அதன் விரிவை மறந்துவிடக் கூடாது. வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் மாறினால் 10 மீட்டர் பிவிசி குழாய் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளும். எஃகுக் குழாய் 5 மில்லிமீட்டர் அளவுக்கே நீளும். விரிவுக்கு இடம்தரும் கப்ளர் (இணைப்புத் துண்டு) இல்லாவிட்டால், குழாய் கிளாம்புகளுக்கு இடையே வில்லாக வளைந்து, இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள இடைவெளி ஏசியின் திரும்பு காற்று செல்லும் வழியாகவும் இருந்தால், அங்கே பிவிசியைத் தவிர்த்து எஃகுக் குழாயையே போடுங்கள். தீப்பிடித்தால் பிவிசியிலிருந்து எழும் அமிலப் புகையை அதே காற்றோட்டம் எல்லா அறைகளுக்கும் கொண்டு சேர்த்துவிடும். இடிபடும் இடங்களுக்கும் ஜி.ஐ. குழாயே (துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய்) ஏற்றது. அதில் ஒரு சர்க்யூட்டின் ஃபேஸ், நியூட்ரல், எர்த் அனைத்தும் ஒரே குழாய்க்குள் செல்ல வேண்டும். ஃபேஸை ஒரு குழாயிலும் நியூட்ரலை மற்றொன்றிலும் பிரித்துவிட்டால் காந்தப்புலத்தால் எஃகு சூடேறும்.

படி 3: விட்டத்தைக் கணக்கிடுங்கள்

யூனிட்டின் நேம் பிளேட்டைப் பார்த்து வயரை முடிவு செய்த பிறகே குழாயின் அளவுக்கு வர வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வயர்கள் சென்றால், குழாயின் உட்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது பரவலான நடைமுறை. வயரின் வெளிவிட்டம் 5 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 19.6 சதுர மில்லிமீட்டர். ஐந்து வயர்களுக்கு 98. உள்விட்டம் 16 மில்லிமீட்டர் உள்ள குழாயில் 40 சதவீதம் என்பது 80 மட்டுமே என்பதால் அது போதாது. உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள குழாயில் 125 கிடைப்பதால் அதை எடுக்கலாம். கன்ட்ரோல் வயருக்குத் தனிக் குழாய் கொடுங்கள்.

இரண்டு ஜங்ஷன் பாக்ஸ்களுக்கு இடையே நான்கு செங்கோண வளைவுகளுக்கு மேல் வைக்காதீர்கள்.

படி 4: கடைசி ஒரு மீட்டர்

பெரும்பாலான பழுதுகள் இங்கேதான் தொடங்குகின்றன. கம்ப்ரசரின் அதிர்வு விறைப்பான குழாயின் இணைப்பை நாளடைவில் தளர்த்திவிடும். ஆகவே ஐசொலேட்டரிலிருந்து (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) யூனிட் வரை, உலோகச் சுருளின் மேல் பிவிசி உறை போர்த்திய, நீர் புகாத ஃப்ளெக்ஸிபிள் குழாயைப் பயன்படுத்துங்கள். அதை விறைப்பாக இழுத்துப் பூட்டாமல், யூனிட்டுக்குக் கீழே சிறிது தொய்ந்து மேலேறும்படி விட்டால், குழாயின் மேல் வழியும் மழைநீர் தொய்வின் அடியில் சொட்டிவிடும், டெர்மினல் பெட்டியை எட்டாது. வெளிச்சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் குழாயின் வாயைப் புட்டி என்னும் அடைப்புப் பசையால் அடையுங்கள். இல்லையெனில் வெளியிலிருந்து நுழையும் ஈரக்காற்று குளிர்ந்த அறைக்குள் குழாயினுள்ளேயே நீராகிவிடும்.

வெட்டிய ஒவ்வொரு முனையிலும் உட்புறமாக மெல்லிய உலோகப் பிசிறு நிற்கும். அதை அரத்தால் தேய்த்து, பிளாஸ்டிக் புஷ் (முனை வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) மாட்டி, உலோகக் குழாய்களை எர்த்துடன் இணைத்து, குழாய் முழுவதையும் பூட்டி முடித்த பிறகே வயரை இழுக்கத் தொடங்குங்கள்.