அஷ்டமுடிக் காயலில் ஓர் இரவு: செங்கோட்டைப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

கேரளத்தின் கொல்லம் நகரை ஒட்டியிருக்கிறது அஷ்டமுடிக் காயல்; அங்கே படகு வீட்டில் ஓர் இரவு தங்கலாம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லத்துக்குச் சாலையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் காலை 8 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். படகு வீட்டில் ஏறும் நேரம் பொதுவாகப் பகல் 12 மணி. தாமதமானால் உங்கள் சவாரிதான் குறையும், யாரும் ஈடு செய்ய மாட்டார்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரவு முழுக்கப் படகு ஓடும் என்று நினைத்துப் போகிறார்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே கரையில் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு காயல் மீனவர்களின் வலைக்கு. ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடும்? எங்கே கட்டுவீர்கள்? ஏசி எப்போது? பெரும்பாலும் இரவு 9 முதல் காலை 6 வரைதான் ஏசி. அதுவும் ஜெனரேட்டரில் என்றால் தூக்கம் போச்சு. கரை மின்சாரம் உள்ள துறையா என்று கேட்டுவிடுங்கள்.

ஏறியதும் பதிவு எண்ணையும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குழந்தைக்குச் சிறிய அளவு தனியாகக் கேட்க வேண்டும்.

கரிமீன் (கேரளக் காயல் மீன்) வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லுங்கள், விலையையும் பேசிவிடுங்கள். கொசுவர்த்தி கட்டாயம். ஜூன், ஜூலை அடைமழையில் போகாதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சுகம். மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள்.