தரையிறங்கியதும் பிரேக் சூடேறினால்: படிப்படியாக ஒரு விளக்கம்

அதிக எடை, குறுகிய ரன்வே, போதாக்குறைக்கு பின்காற்று என்றால் விமானத்தை நிறுத்தும் வேலை முழுக்க பிரேக் தலையில்தான் விழும். ரன்வேயை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலை, காக்பிட் திரையில் பிரேக் வெப்பநிலையைப் பார்ப்பது. ஏர்பஸ் ஏ320-இல் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். போயிங் 777-இல் டிகிரி கிடையாது, வெறும் எண்தான். 5-ஐ எட்டினால் சூடு என்று அர்த்தம்.

அடுத்ததுதான் பலரும் தடுமாறும் இடம். நின்றவுடன் திரையில் தெரியும் எண் உச்சம் அல்ல. பிரேக்குக்குள் ஒன்றோடொன்று உரசும் கார்பன் தட்டுகளில் தேங்கிய வெப்பம் மெல்ல வெளியே பரவுவதால் நின்ற பிறகும் பல நிமிடங்களுக்கு எண் ஏறிக்கொண்டே போகும். சக்கர வளையமும் டயரும் அதற்கும் பின்னால்தான் முழுச் சூட்டை அடையும். அதனால் இறங்கியதும் '280 தானே' என்று சக்கரத்தருகே போய்விடாதீர்கள், காத்திருந்து மறுபடி பாருங்கள்.

பார்க்கிங் பிரேக்: ஏ320-இல் 500 டிகிரிக்கு மேல் இருந்தால், வேறு வழியே இல்லாதபோது தவிர போடக் கூடாது. முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்று என்று தரைக் குழு சொன்னதும் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

சக்கரத்தை நெருங்கியே ஆக வேண்டுமென்றால் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ மட்டும் போங்கள், பக்கவாட்டில் ஒருபோதும் வேண்டாம். வளையம் வெடித்தால் துண்டுகள் அச்சின் திசையில், அதாவது பக்கவாட்டில்தான் பாயும். வெடிப்பைத் தடுக்கத்தான் வளையத்தில் ஃபியூஸ் பிளக் இருக்கிறது. சூடு எல்லை மீறினால் அது உருகி, டயர் 'உஸ்ஸ்' என்று இறங்கிவிடும். போயிங் 737-இல் பிரேக் எவ்வளவு சூடாகியிருக்கும் என்ற கணக்குப்படி பிளக் உருகும் நிலை என்றால் ஒரு மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. தீ இல்லாத சூடான சக்கரத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சவோ கார்பன் டை ஆக்சைடு அடிக்கவோ கூடாது, திடீர்க் குளிர்ச்சியில் வளையம் வெடிக்கலாம்.

பிரேக்கைக் குளிர்விக்கும் பிரேக் ஃபேன் (விசிறி) இருந்தால் உடனே போடாமல் ஐந்து நிமிடமாவது பொறுத்துப் போடுங்கள் என்பேன். கொதிக்கும் கார்பனில் காற்று பட்டால் ஆக்சிஜனேற்றம் கூடி தட்டு சீக்கிரம் கெடும். கார்பன் தூசி பக்கத்தில் நிற்பவர்கள் மேலும் பறக்கும்.

அடுத்த பயணத்துக்கு ஏ320-இல் 300 டிகிரிக்குக் கீழே வந்தாக வேண்டும். ஃபேன் ஓடினால் 150, ஏனென்றால் அந்தக் காற்று சென்சாரையும் குளிர்வித்து எண்ணைக் குறைத்துக் காட்டும். அவசரப்படவே வேண்டாம். 1963-இல் சுவிஸ்ஏர் 306 என்ற பயணிகள் விமானம், மூடுபனியைக் கலைக்க என்ஜின் வேகத்தைக் கூட்டி, பிரேக் பிடித்தபடியே ரன்வேயில் ஓடியது. சூடேறிய பிரேக்கால் சக்கர வளையம் உடைந்து, தீப்பிடித்து, ஏறிய சில நிமிடங்களில் விழுந்ததில் 80 பேரும் இறந்தார்கள்.

பிற்சேர்க்கை: புகை வந்தாலே தீயா என்று கேட்டிருந்தீர்கள். கிரீஸ் கருகினாலும் புகை வரும். ஆனால் அதைத் தள்ளி நின்று முடிவு செய்ய வேண்டியது தீயணைப்புக் குழு, நீங்கள் அல்ல. புகை கண்டதும் அவர்களைக் கூப்பிடுங்கள். சுடர் தெரிந்து பயணிகளை இறக்க நேர்ந்தால் எதிர்ப்பக்கக் கதவு வழியாக.