ஃபைபர் சென்சர்ல பீக் நகர்ந்தா உடனே குதிக்காதீங்க

ஃபைபர் சென்சர்னா ஒளி போற மெல்லிய இழை. அதுமேல மூலக்கூறு வந்து ஒட்டினா (அதான் பைண்டிங்) ஸ்பெக்ட்ரம்ல இருக்குற பீக் வேற அலைநீளத்துக்கு நகரும். லேப்ல புதுசா சேர்ற பசங்கள பாத்துட்டே இருக்கேன், எல்லாரும் வரிசையா ஒரே இடத்துலதான் வழுக்குறாங்க, ஒரு காலத்துல நாங்க வழுக்குன அதே இடம். க்ளவுஸ் போடு, ஒடச்ச ஃபைபர் துண்ட தரையில போடாதேங்கறதெல்லாம் சேஃப்டி ட்ரெய்னிங்லயே சொல்லிருப்பாங்க, அத விட்டுடறேன்.

பஃபர் (புரோட்டீன் கரைச்சு வைக்கிற கரைசல்) வித்தியாசத்த பைண்டிங்னு நம்புறது

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுக்குத்தான். தங்கம் பூசின எஸ்பிஆர் (சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசனன்ஸ்) ஃபைபர் பாக்குறதெல்லாம் மேற்பரப்ப ஒட்டின சில நூறு நானோமீட்டர்ல ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் (ஒளிவிலகல் எண்) எவ்ளோன்னு மட்டும்தான். அங்க வந்தது நீங்க தேடுற புரோட்டீனா, சும்மா கரைஞ்சு கெடக்குற உப்பா, சர்க்கரையான்னு அதுக்கு தெரியாது.

சமீபத்துல ஒரு தம்பி ஃபைபர்ல புரோட்டீன் ஏ ஒட்டி, அது பிடிக்கிற ஐஜிஜி ஆன்டிபாடிய கண்டுபிடிச்சிட்டேன்னு வந்தான். கிராஃப் நேர்கோடு, ஆர் ஸ்கொயர் (புள்ளிங்க கோட்டோட எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற அளவு) 0.99, ஸ்லைடு கூட ரெடி. "கடைசியா பஃபர் விட்டு கழுவினியாடா?"ன்னு கேட்டேன். "கழுவுனா சிக்னல் போயிடுதுண்ணா, அதான் முன்னாடியே ரீடிங் எடுத்துட்டேன்"ங்கறான்!

விஷயம் என்னன்னா அவன் வாங்கின ஐஜிஜி ஸ்டாக் கரைசல்ல பாதி கிளிசரால், ஃப்ரீசர்ல உறையாம இருக்க நெறைய கம்பெனி அப்படித்தான் அனுப்பும். 100 மடங்கு டைல்யூட் பண்ணாலும் அரை சதவீதம் மிச்சம் இருக்கும், அதுவே இண்டெக்ஸ 0.0006 கிட்ட ஏத்திடும். இண்டெக்ஸ் ஒரு யூனிட் மாறினா பீக் 2000 நானோமீட்டர் நகர்ற கணக்கு உள்ள ஃபைபர்ல அது 1 நானோமீட்டருக்கு மேல, ஒரு மூலக்கூறு கூட ஒட்டாமலே. அதுவும் வெறும் பிபிஎஸ் பஃபர்ல டைல்யூட் பண்ணிட்டே போனா கிளிசராலும் அதே கணக்குல குறையும், அப்புறம் கோடு நேரா வராம என்ன பண்ணும்? நெஜ பைண்டிங்னா ஒட்டுற இடம் நெறைய நெறைய கோடு வளைஞ்சு படுக்கணும், மேல வரைக்கும் நேரா போற கோட்ட பாத்தாலே சந்தேகம் வரணும்.

அதனால சாம்பிள டயாலிசிஸ் பண்ணி (சவ்வு வழியா கரைசல மாத்தி) ரன்னிங் பஃபருக்கே, அதாவது சென்சர்ல ஓடுற பஃபருக்கே மாத்துங்க, இல்லன்னா அளவு தெரிஞ்ச ஸ்டாண்டர்ட் கரைசல் எல்லாத்துலயும் கிளிசரால் ஒரே அளவு இருக்கட்டும். ரீடிங் எப்பவும் கழுவுனதுக்கு அப்புறம், ஆரம்பிச்ச அதே பஃபர்ல. பக்கத்துல வெறும் பிஎஸ்ஏ (ஐஜிஜிய பிடிக்காத சாதா புரோட்டீன்) பூசின ஃபைபர் ஒண்ணு கண்ட்ரோலா ஓடட்டும், அதுலயும் அதே ஷிஃப்ட் வந்தா கடைய சாத்திட்டு முதல்ல இருந்து பாருங்க.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே ஊத்துறது

தண்ணி 1 டிகிரி குளிர்ந்தா இண்டெக்ஸ் 0.0001 கிட்ட ஏறும், அதாவது மேல சொன்ன ஃபைபர்ல 0.2 நானோமீட்டர். ஜில்லுன்னு இருக்குற சாம்பிள் அச்சு அசலா பைண்டிங் மாதிரியே நடிக்கும். ஏசி ஆன் ஆஃப் ஆகுறதும் இந்த ரகம்தான்.

ஓவர் சைலேன்

புரோட்டீன் ஒட்டுறதுக்கு முன்னாடி ஃபைபர்ல பூசுற சைலேன் கெமிக்கல்தான் ஏபிடிஇஎஸ். அந்த பாட்டில தெறந்து தெறந்து ஈரம் ஏறவிட்டா மெல்லிசா ஒரு லேயர் வராது, கட்டி கட்டியா ஒட்டும், அப்புறம் ரன் நடுவுல உரிஞ்சு வரும், பேஸ்லைன் (சாம்பிள் விடாதப்போ வர்ற சிக்னல்) நகர்ந்து ஓடிட்டே இருக்கும், நீங்க லைட் சோர்ஸ திட்டிட்டு இருப்பீங்க.

பிளாஸ்டிக் ஃபைபர அசிட்டோன்ல தொடைக்கிறது

அந்த பிளாஸ்டிக், அதான் பிஎம்எம்ஏ, கரையும்.

ஃபைபர தொங்க விடுறது

ஆடாம டேப் போட்டு ஒட்டுங்க.