ஆழ்கடல் போட்டுக்கு மாறலாமா? முதலில் கணக்கு நோட்டை எடுங்கள்

மடிப் போட்டை, அதாவது இழுவலை விசைப்படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் போட் வாங்கலாமா என்ற பேச்சு எழாத வீடு ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்தில் குறைவு. எங்கள் போட்டின் கணக்கு என் கையில் இருக்கிறது. டீசல், ஐஸ், பேட்டா, பங்கு, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எல்லாம் என் நோட்டில் ஏறும். அதனால் கொழுந்தன்மாரும் பக்கத்து வீட்டுத் தம்பிமாரும் முடிவெடுக்கும் முன்னால் என்னிடம் வந்து உட்காருகிறார்கள். மானியம் எவ்வளவு என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன்.

முதலில், இப்போதைய போட் வருஷத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போகிறது என்று எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மிச்சம் 304 நாள். வடகடலில் (பாக் விரிகுடாவில்) விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள்தான், மற்ற 4 நாள் நாட்டுப்படகுக்காரர்களுடையது. அப்படிப் பார்த்தால் 130 நாள். காற்று எச்சரிக்கையில் கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கிடைக்காத நாள், வேலைநிறுத்தம், திருநாள், எஞ்சின் வேலை எல்லாம் கழித்தால் 100 தேறினாலே பெரிது. அந்த நாட்களின் வரவு செலவைப் போட்டு, வட்டி போக வீட்டுக்கு என்ன வந்தது என்று பாருங்கள். இலங்கையோடு 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நமக்கு இருப்பது கொஞ்சம் கடல்தான், அதுவும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம். கோடு தாண்டிப் பிடிபட்டால் ஆளும் உள்ளே, போட்டும் போச்சு. மாற வேண்டும் என்ற ஆசை நியாயமானது என்பதை நான் மறுக்கவே இல்லை.

அடுத்தது டீசல். ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு 0.2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 240 குதிரைத் திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 48 லிட்டர் குடிக்கும். மெதுவாக ஓட்டினால் 30 என்று கொள்ளலாம். ஆழ்கடலுக்குப் போகும் வழியில், பாம்பனிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் சுமார் 120 கடல் மைல். 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் 15 மணி நேரம், 450 லிட்டர். அது போய்ச் சேர மட்டும்தான். சூரை மீனைத் தேடி ஓட வேண்டும், தூண்டில் போட்டு எடுக்க வேண்டும், திரும்பி வர வேண்டும். ஒரு தங்கலுக்கு, அதாவது கடலில் தங்கிப் பிடித்துத் திரும்பும் ஒரு நடைக்கு, 3,000 லிட்டர் ஆகும் என்று வையுங்கள். வரிவிலக்கு டீசல் விசைப்படகுக்கு வருஷத்துக்கு 19,000 லிட்டர். ஆறு தங்கலில் தீர்ந்துவிடும். ஏழாவது தங்கலிலிருந்து வெளி விலைக்கு எண்ணெய் போட்டு ஒரு கணக்கும், வரிவிலக்கு விலையில் ஒரு கணக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மீன்பாடு நன்றாக இருந்த தங்கலை நினைத்து எழுதாதீர்கள். பாடே இல்லாமல் வந்த தங்கலை வைத்து எழுதுங்கள். அது அடுத்தடுத்து இரண்டு முறை வந்தாலும் தவணை கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

இனி ஆள். எல்லாரும் வேகமாகக் கடந்துபோகும் இடம் இது, நான் அதிக நேரம் பேசுவதும் இதைத்தான். நம் ஆட்கள் மடி இழுக்கத் தெரிந்தவர்கள். காலையில் போய் மறுநாள் காலையில் கரை பார்க்கிறவர்கள். ஆழ்கடல் போட்டில் மீனின் செவுள் மாட்டும் செவுள்வலையும், நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலும் போட வேண்டும், பத்து இருபது நாள் கடலிலேயே கிடக்க வேண்டும். தூண்டிலை எந்த ஆழத்தில் நிறுத்துவது, நீவாடு (நீரோட்டம்) எப்படி இழுக்கிறது, எந்த இரையைக் கோர்ப்பது என்பதெல்லாம் கன்னியாகுமரிப் பக்கம் தூத்தூர் ஊர்களில் தலைமுறையாகப் படித்த தொழில். இங்கே போட் வாங்கிவிட்டு அங்கிருந்து ஆள் கூப்பிட்டால் அவர்களுக்கு முன்பணம், வழிச்செலவு, அவர்கள் ஊர் வழக்கப்படி பங்கு எல்லாம் கொடுக்க வேண்டும். சம்மாட்டிக்கே (போட் முதலாளிக்கே) தொழில் தெரியாவிட்டால் அந்த போட்டின் கடிவாளம் அவர் கையில் இல்லை.

ஆகவே தம்பிமாருக்கு நான் சொல்வது: போட்டுக்கு முன்பணம் கட்டும் முன்னால் தூத்தூர் போட் ஒன்றில் பங்குக்கு வேலை பார்க்கும் ஆளாகப் போய்வாருங்கள். அமைதியான கடலில் ஒரு தங்கல், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதத்தில் ஒரு தங்கல். இரண்டும் முடித்து வந்தபிறகும் ஆசை இருந்தால் அது நிற்கும் ஆசை. அத்தனை நாள் ஆண் இல்லாத வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கூடம், மாமியாரின் வைத்தியம், சங்கத் தவணை எல்லாம் ஒருத்தி தலையில் விழும். அந்த ஒருத்தியை உட்கார வைத்துப் பேசாமல் வங்கிக்குப் போகாதீர்கள். 2017 ஒக்கிப் புயலில், வாரக்கணக்கில் வெளியே கிடந்த போட்டுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர் பக்கத்தில் எத்தனை வீடு அழுதது என்று நமக்குத் தெரியும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பேசும் டிரான்ஸ்பாண்டர், வி.எச்.எப். வயர்லெஸ், எல்லாருக்கும் மிதவைச் சட்டை இவற்றை முதல் நாள் விலையிலேயே சேருங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கட்டும்.

மீன் யாருக்கு விற்கும் என்பதும் வேறு கணக்கு. இறால், நண்டு, கணவாய்க்கு இங்கே வியாபாரி கரையிலேயே நிற்கிறார், சங்காயத்துக்குக்கூட (கழிவு மீனுக்குக்கூட) ஆள் உண்டு. சூரைக்கு விலை அதன் சதையில் இருக்கிறது. பிடித்த உடனே ரத்தம் வடித்து, குடல் செவுள் நீக்கி, ஐஸில் புதைக்க வேண்டும். மீனுக்குச் சரி எடை ஐஸ் வேண்டும். சூடேறினால் ஹிஸ்டமின் என்ற நச்சு கூடும், அது சமைத்தாலும் போகாது, ஏற்றுமதிக்காரர் திருப்பிவிடுவார். தூத்துக்குடியிலோ கொச்சியிலோ வாங்குகிறவரிடம் போட் வாங்கும் முன்பே பேசி, தரத்துக்குத் தகுந்த விலையைக் கேட்டு எழுதி வாருங்கள்.

போட் நிற்க இடம்? நாட்டுப்படகை வாடைக்காற்றில் தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடாவுக்கும்) கச்சானில் வடகடலுக்கும் மாற்றிக் கட்டுகிறோம். பெரிய போட்டுக்கு வடகடல் ஓரத்தில் தண்ணீர் போதாது. உயரமான போட் பாம்பன் பாலத்தைக் கடக்க, தூக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்திலும் அந்தக் காத்திருப்பு உண்டு. குந்துகால் இறங்குதளமும் மூக்கையூர் மீன்பிடித் துறைமுகமும் இதற்கென்றே கட்டியவை. இரண்டுக்கும் நேரில் போய், ஐஸ் எங்கிருந்து வருகிறது, டீசல் எங்கே ஏற்றுகிறார்கள், கச்சான் மாதத்தில் அலை எப்படி என்று அங்கே கட்டியிருக்கும் ஆட்களிடம் கேளுங்கள்.

இப்போது மானியத்துக்கு வரலாம். 2017-ல் வந்த திட்டத்தில் போட் 80 லட்சம்: மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கி 20, நம் கை 10. அதாவது கையில் 8 லட்சம், கடன் 16 லட்சம். பதிலுக்கு மடிப் போட்டை விட்டுவிட வேண்டியிருந்தது. பிறகு வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விலை 1 கோடியே 20 லட்சம், மானியம் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் 60. உங்கள் தலையில் நிற்பது 72 லட்சம் அல்லது 48 லட்சம். 60 சதவீதத்துக்காக மனைவி பெயரில் மனுப் போடுகிறவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும்: கடன் பத்திரத்திலும் அவள் பெயர்தான் இருக்கும். அப்படியானால் கணக்கும் அவள் கையில் இருக்கட்டும். வலை, தூண்டில், முதல் இரண்டு தங்கலின் செலவு இவற்றை விண்ணப்பத்தில் தேடாதீர்கள், அது தனிப் பணம். தடைக்காலத்திலும் வட்டி ஓடும்.

என் அபிப்பிராயம் இது. ஒரே போட், வியாபாரியிடம் முன்பணம் தீராமல் நிற்கிறது, வீட்டில் கடலுக்குப் போக ஒரே ஆள் என்றால் இப்போது மாறாதீர்கள். பைபர் படகில் செவுள்வலை போட்டுக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். அண்ணன் தம்பி இரண்டு மூன்று பேர், அதில் ஒருவராவது தூண்டில் தொழில் படித்தவர், மீனை யாருக்கு வேண்டுமானாலும் விற்கும் சுதந்திரம் உண்டு என்றால் தைரியமாக மாறுங்கள். நாலு வீடு சேர்ந்து வாங்குவதும் நல்ல வழிதான். யார் டிரைவர், நஷ்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் பங்கு என்ன ஆகும் என்பதை முத்திரைத்தாளில் எழுதி, நாலு வீட்டுப் பெண்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

தடைக்காலத்தில் இந்தப் பக்கத்து போட்டெல்லாம் கரையேறி நிற்கும்போது, விற்க நினைப்பவரும் வேலை பார்க்கும் ஆசாரியும் அங்கேயே இருப்பார்கள். நோட்டோடு போய் அவர்களிடம் விலை, எஞ்சின், ஐஸ் அறையின் அளவு எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராவிட்டால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.